மூன்று பிரதிகளும் ஒரே மேசையில்

2014 டிசம்பர் 22, திங்கட்கிழமை. அன்றைய நாட்குறிப்பு வழக்கம்போலத்தான் தொடங்குகிறது. காலையில் எங்கள் ஆய்வு நிலையத்தின் கந்தோரைத் திறந்தேன். மழைச்சாரல் அடித்ததால் யன்னல்களைத் திறக்கவில்லை. மேசைகளை உலர்ந்த துணியால் துடைத்தேன். கணினிகளின் பின்புறம் செருகும் துளைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். அலுமாரியிலிருந்து வன்தட்டை எடுத்து, அதன் பெட்டிக்குள் இருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றினேன். அது மாதாந்தச் சரிபார்ப்பு நாள். தட்டைக் கணினியில் பொருத்திச் சரிபார்ப்பைத் தொடக்கிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

இதுவரை எழுத்து நேராக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதை இன்று பார்த்தால் வேறு யாரோ எழுதியது போலத் தெரிகிறது.

போன மாதம் நஸ்ரின் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பின் என் கதிரையில் இருப்பவள் அவள். நாங்கள் சேர்த்து வைத்த தொகுப்பு முழுவதையும் இப்போது இணையத்தில் ஏற்றுகிறார்கள். அதோடு அனர்த்தத் திட்டத்தையும் திருத்தி எழுதும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு வசனம் அவளுக்கு விளங்கவில்லை. "ஆபத்து நேரத்தில் பிரதிகளைக் காப்பவர்கள் ஒருவரையொருவர் நோக்கிச் செல்லக் கூடாது" என்பது அந்த வசனம்.

"மிஸ், இது வாசிக்க ஒரு மாதிரி இருக்கு. கோவிச்சுக்கொண்ட ஆக்கள் எழுதின மாதிரி. எடுத்துவிடட்டா?" என்றாள்.

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை அல்ல. எழுதித் தருகிறேன் என்றேன்.

எங்கள் கந்தோர் புத்தளம் தில்லையடியில், ஒரு வீட்டின் முன்பகுதியில் இருந்தது. பெயருக்குத்தான் ஆய்வு நிலையம். ஆட்கள் மூன்று பேர்தான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் மக்கள் விட்டுவந்த வீடுகளைப் பற்றிய ஆய்வு அது. முறை மிக எளிது. ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒலிப்பதிவைத் தொடக்குவோம். "வாசலால வாங்கோ" என்று மட்டும் சொல்வோம். அவர் மனத்தாலேயே தன் பழைய வீட்டு வாசலுக்குள் நுழைந்து, முற்றம், அறை, அடுப்படி, கிணறு என்று நடந்துகொண்டே சொல்வார். சொல்லச் சொல்லக் கட்டம் போட்ட தாளில் அவரோ வீட்டாரோ வீட்டின் படத்தைக் கீறுவார்கள். தாளைப் படம் பிடித்துக்கொண்டு அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அது நாங்கள் கொடுத்த வாக்கு. அப்படித் திரும்பிப் போன தாள்கள் பல கறையானுக்கும் கூரை ஒழுக்குக்கும் போய்விட்டன. சொன்னவர்களில் பலர் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்கள். வீடுகளும் அங்கே இல்லை. எங்களிடம் இருந்த ஒலியும் படமும்தான் மிச்சம்.

அந்த மிச்சம் முழுவதும் உள்ளங்கை அளவான ஒரு வன்தட்டுக்குள் அடங்கியது. அதுதான் எனக்குப் பயம். ஒரு தெரு எரிந்தாலும் நாலு சுவராவது நிற்கும். தட்டு கீழே விழுந்தால் ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இதற்கென்று எனக்குக் கிடைத்த பயிற்சி கொழும்பில் ஒரு குறுகிய வகுப்பு. குளிரூட்டிய அறை, புகை கண்டால் அலறும் கருவி, தீ அணைக்கும் வாயு என்று சொல்லித் தந்தார்கள். உப்புக்காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களுக்கோ தினசரி எதிரி அதுதான். உப்பு விளையும் வாய்க்கால் பக்கமிருந்து காற்று திரும்பினால் சில நாட்களுக்குள் செப்பு முனைகள் பச்சையாகிவிடும். ரிஸ்வி அவற்றைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பான். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சப்பாத்துக் கடைகளில் கேட்டு வாங்கிவருவோம். கடைக்காரர்கள், சப்பாத்து வாங்காமல் பொட்டலம் மட்டும் கேட்கிறவர்கள் என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ரிஸ்வி எங்கள் கணினித் தொழில்நுட்பவியலாளன். முந்தலில் மனைவி வீட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். தொண்ணூறில் அவன் கைக்குழந்தை. "வாப்பாட கையில பை இருந்திருந்தா என்னய வெச்சிட்டுத்தான் வந்திருப்பார். பையப் பறிச்சதால என்னயத் தூக்கினார்" என்று தன்னைத் தானே பகிடி பண்ணுவான். நான் முஸ்லிம் அல்ல. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து இங்கே வந்து தங்கியவள். ஆனால் வெறுங்கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு வந்த கதையில் எங்கள் மூவருக்கும் வேறுபாடு இல்லை.

மூன்றாமவர் மன்சூர் சேர், நிலையத்தை நடத்திய பணிப்பாளர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். குரலை உயர்த்தமாட்டார். நாங்கள் எதைச் சொன்னாலும் "அப்ப?" என்பார். தட்டு அலுமாரியில் இருக்கிறது சேர். அப்ப? அலுமாரி பூட்டியிருக்கிறது. அப்ப? பூட்டின் திறப்பு என்னிடம். அப்ப? நீங்கள் அந்த "அப்ப"வுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் உங்களுக்கே வியர்க்கிற ஓரிடத்துக்கு வந்து நிற்பீர்கள். அங்கே அவர் நிறுத்திக்கொள்வார்.

"சேரை விருந்துக்குக் கூப்பிட்டாலும் புரியாணியப் பாக்க மாட்டார், நெருப்பு எந்தப் பக்கத்தால பிடிக்கும் எண்டுதான் பாப்பார்" என்பான் ரிஸ்வி. அது அவர் காதுபடவே.

அனர்த்தத் திட்டம் அவர் எழுதியது. தொகுப்புக்கு மூன்று பிரதிகள். ஒன்று கந்தோரில், என் பொறுப்பில். இன்னொன்று முந்தலில், ரிஸ்வி வீட்டில். மற்றது புத்தளம் டவுனில், சேர் வீட்டில். மாதம் ஒரு முறை மூன்றையும் தனித்தனியே "கைரேகை" பார்ப்போம். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி ஒரு நீண்ட எழுத்துத் தொடரைத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தத் தொடர் மாறிவிடும். பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நம் கண்ணுக்குத் தெரியாமல் எது பழுதாகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் எங்கள் இணைய இணைப்பு ஒரு ஒலிப்பதிவை அனுப்பவே அரை நாள் எடுக்கும். ஆகவே தட்டுகள்தான் கதி.

திட்டத்தை எழுதி வைத்ததோடு அவர் விடவில்லை. ஒரு காலை நாங்கள் வரும்போது கந்தோர்க் கதவு பூட்டியிருந்தது. சேர் வெளியே வேலிக் கரையில் குடையோடு நின்றார். திறப்பு அவர் சட்டைப் பையில்.

"கந்தோர் எரிஞ்சு போச்சு" என்றார்.

"எந்தக் கந்தோர் சேர்?" ரிஸ்வி திகைத்தான். கந்தோர் அவருக்குப் பின்னால் அப்படியே நின்றது.

"இதுதான். ராத்திரி எரிஞ்சிட்டுது. ஒண்டும் மிஞ்சேல்ல. இப்ப ஒரு ஆள் வந்து, எங்கட வாப்பாட வீட்டுப் படத்தத் தாங்கோ எண்டு கேக்கிறார். குடுங்கோ பாப்பம்."

ரிஸ்வி முந்தலுக்குத் திரும்பிப் போய்த் தன் பிரதியைக் கொண்டுவந்தான். மாமியார் அதைப் பத்திரமாகக் கருவாட்டுத் தகரத்துக்குள் வைத்திருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு மடிக்கணினியில் பொருத்தினோம். கடவுச்சொல் கேட்டது. அந்த நீண்ட கடவுச்சொல் எங்கே எழுதியிருக்கிறது? கந்தோர் அலுமாரிக் கதவின் உட்புறம். அதாவது எரிந்துபோன கந்தோருக்குள்.

சேர் திட்டவில்லை. "அப்ப?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு கடவுச்சொல்லை மூவரும் மனப்பாடம் செய்தோம். இன்றும் மறக்கவில்லை. நஸ்ரின், அதை நீ மாற்றியிருப்பாய் என்று நம்புகிறேன்.

வருடத்தில் சில தடவை அவர் கந்தோரை இப்படி எரிப்பார், இடிப்பார், கள்ளனுக்குக் கொடுப்பார். வெள்ளத்துக்கு மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை. திட்டத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. நீர் ஏறினால் பிரதியை அருகிலுள்ள உயரமான இடத்துக்குக் கொண்டு செல்லவும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

மழை அதற்கு முந்தின வாரமே தொடங்கியிருந்தது. மேலேயுள்ள குளங்களின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று தேத்தண்ணி ஊற்றும்போது பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திரும்பி வருவதற்குள் வாசற்படியில் நீர் நின்றது. பெருக்கெடுத்து வரவில்லை. நிலத்தடியிலிருந்து ஊறி வருவது போல, சத்தமில்லாமல், தரையின் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் மினுங்கியது. சரிபார்ப்பைப் பாதியில் நிறுத்தினேன். தட்டைக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, அதன் மேல் இன்னொரு பொலித்தீன் சுற்றி, துவாயில் பொதிந்து நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். கணினிகளை மேசைகளின் மேல் ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். எதிரே பள்ளிக்கூடத்தின் மாடிதான் அந்தப் பகுதியிலேயே உயரமான இடம். ஊர்ச்சனம் எல்லாம் அங்கேதான் ஏறிக்கொண்டிருந்தது.

மார்கழி விடுமுறையாதலால் வகுப்பறைகளில் மாணவர் இல்லை. நான் மாடியில் கடைசி வகுப்பறைக்குள் போய், ஆசிரியர் மேசையின் மேல் பொதியை வைத்து, அதன் பக்கத்தில் நின்றேன். திட்டப்படி செய்துவிட்டேன் என்ற நிம்மதி கொஞ்சம் இருந்தது. டவுனில் ஒன்று, முந்தலில் ஒன்று, இங்கே ஒன்று.

மத்தியானத்துக்கு முன் ரிஸ்வி வந்தான். இடுப்புக்குக் கீழே சேறு. தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. சட்டைக்குள் கையை விட்டு, சாரத்துணியால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டியிருந்த பொதியை அவிழ்த்தான்.

"முந்தல்ல இறால் பண்ணைக் கட்டெல்லாம் உடைஞ்சு போச்சு அக்கா. ரோட்டில இறால் துள்ளுது. மாமி வீட்டுக்க தண்ணி வருது. டிஸ்க்க விட்டுட்டு வர மனம் கேக்கேல்ல. கந்தோருக்குக் கொண்டு வந்தன், கந்தோர் தண்ணிக்குள்ள. ஆக்கள் சொன்னாங்க நீங்க இஞ்ச எண்டு."

அவன் தன் பொதியை என் பொதிக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் பத்திரம் என்று இருவரும் மூச்சு விட்டோம். அப்போதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பிறகு சேர் வந்தார். அவர் வீடு வாவிக்கரைப் பக்கம். நீர் புகுந்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, எங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்க இவ்வளவு தூரமும் வந்திருந்தார். வரும்போது கையில் ஒரு பை. வகுப்பறை வாசலில் நின்று எங்களைப் பார்த்தார், ஆட்கள் சரியாக இருக்கிறோமா என்று. முகம் தெளிந்தது. பிறகு மேசையைப் பார்த்தார். தன் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பையை மேசையில் வைக்கவில்லை. வாசலுக்கு வெளியேயே பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வந்தால் ஏதோ நடந்துவிடும் என்பது போல.

"மூண்டும்" என்றார். "மூண்டும் இஞ்ச."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. எரிப்பு ஒத்திகை, இடிப்பு ஒத்திகை, கருவாட்டுத் தகரம், மனப்பாடம் செய்த கடவுச்சொல், இவ்வளவும் செய்துவிட்டு, உலகத்தில் இருந்த மூன்று பிரதிகளையும் நாங்களே நெஞ்சில் கட்டி, வெள்ளத்தில் நீந்தாத குறையாகக் கொண்டுவந்து ஒரே அறையில் சேர்த்திருக்கிறோம். ஒருவரும் தவறாக நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பிரதியை விட்டுவர மனமில்லாமல் தூக்கினோம். தூக்கியவர்கள் எல்லோரும் ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடினோம். வெறுங்கையோடு வந்தவர்கள் வேறு எப்படி நடப்பார்கள்?

"ஒண்ட உடன வெளிய எடுக்கோணும்" என்றார் சேர்.

"வெளியவா? வெளிய கடல் சேர்" என்றான் ரிஸ்வி. "இஞ்ச மாடி. நல்லாத்தானே இருக்கு."

அந்த நேரம் எங்கள் காலுக்குக் கீழே "டொம்" என்று ஒரு சத்தம் கேட்டது. கீழ்த்தட்டு வகுப்பறைகளில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளும் மேசைகளும் நீரில் மிதந்து, அலை வரும்போதெல்லாம் சுவரில் மோதின. ஒவ்வொரு மோதலும் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. குழந்தைகள் அழுதன. சுவர்ப் பக்கம் இருந்த கிழவர் ஒருவர் யாசீன் ஓதத் தொடங்கினார். சத்தம் நின்றால் அடுத்தது எப்போது என்று காத்திருப்பது, சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

ரிஸ்வி பிறகு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லவில்லை.

அதற்குள் நீர் நடக்க முடியாதளவு ஏறிவிட்டதால், வெளியே போக ஒரே வழி, ஒரு டிரக்டர். சிலாபப் பக்கத்துக்காரர் ஒருவர் ஓட்டினார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். டவுனிலிருந்து சமைத்த சாப்பாட்டை டிரக்டர் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, திரும்பும்போது நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றார். பள்ளிவாசல் தொண்டர் ஒருவர் மாடிப்படியில் நின்று ஆள் பிரித்தார்.

"சேர், நான் வயித்துக்குத்து எண்டு படுக்கட்டா? ஏத்துவாங்க" என்றான் ரிஸ்வி.

தொண்டருக்குக் காது கூர்மை. "உனக்கு வயித்துக்குத்து எண்டா இந்த மாடியில எல்லாருக்கும் பிரசவ வலிதான். போடா அங்கால" என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பகலில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அது.

டிரக்டரில் போக இருந்தவர்களில் ரஹீலா உம்மாவும் ஒருவர். மன்னார்ப் பக்கத்துக்காரர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஊசிமருந்து வெள்ளத்தோடு போய்விட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கூடப்பிறந்த தங்கச்சியை மாடியில் விட்டுவிட்டுப் போவதால் மறுநாள் வந்துவிடுவேன் என்று தங்கச்சியிடம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். சில வருடங்களுக்கு முன் அவரும் அவர் கணவரும் எங்கள் முன் உட்கார்ந்து தங்கள் வீட்டைச் சொன்னவர்கள். கிணறு வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இருவரும் ஒலிப்பதிவிலேயே சண்டை பிடித்தார்கள். கணவர் பிறகு மௌத்தானார்.

சேர் எங்கள் இருவரையும் பார்த்தார். "ஒண்டு உம்மாட்ட குடுப்பம்."

"என்ர டிஸ்க்க நான் குடுக்க மாட்டன் சேர்" என்றான் ரிஸ்வி உடனே. "முந்தல்ல இருந்து நெஞ்சில கட்டிக்கொண்டு வந்தனான்."

நானும் என் பொதியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை என்பதைச் சேர் பார்த்தார். தன் பையோடு ரஹீலா உம்மாவிடம் போனார்.

"உம்மா, இத உங்கட மருந்துப் பையில வெச்சுக் கொண்டுபோவீங்களா?"

"என்ன மகன் இது? சோப்புப் பெட்டி மாதிரி."

"உங்கட வீடு இதுக்குள்ள இருக்கு."

"எந்த வீடு? வெள்ளத்தில கிடக்கே, அதா?"

"இல்ல உம்மா. ஊரில இருந்தது. நீங்களும் அவரும் சொன்னது, கீறினது எல்லாம். மத்த ஆக்கள்ட வீடுகளும் இருக்கு."

அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். "இவ்வளவு சனத்துட வீடும் இருக்கெண்டுறீங்க, ஒரு பாரமும் இல்லையே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்ட குரலும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு உம்மா."

அதன் பிறகு அவர் தயங்கவில்லை. பொதியை மருந்துப் பைக்குள் வைத்து, பையை ஹபாயாவுக்கு உள்ளே கழுத்தில் மாட்டிக்கொண்டார். "எங்க வைக்கிற?" என்றார்.

"தண்ணி ஏறாத இடம். நீங்களே பாருங்கோ. ஆரிட்டயும் சொல்லாதீங்கோ."

"உங்களிட்டயும்?"

சேர் யோசித்தார். எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். "எங்களிட்டயும். தெரிஞ்சா நாங்க ஓடி வந்து எடுத்திருவம். எடுத்தா, திருப்பி எல்லாத்தையும் ஒரு இடத்தில கொண்டுவந்து வெப்பம். எங்கட புத்தி அப்படித்தான்."

தொண்டர் உம்மாவைத் தூக்கி டிரக்டர்ப் பெட்டியில் இருத்தினார். மாடி விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பெரிய சக்கரம் பாதிக்கு மேல் நீருக்குள். ஒரு தென்னங்குற்றி மிதந்து வந்து பெட்டியில் இடித்தது. பெட்டி ஒரு பக்கம் சரிந்து, எழும்பியது. உம்மா இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் விளிம்பைப் பிடிக்கவில்லை. "கம்பியப் பிடிங்கோ உம்மா, கம்பியப் பிடிங்கோ" என்று சேர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதும் அன்றுதான். மழைக்குள் உம்மாவுக்குக் கேட்டிருக்காது. வளைவில் திரும்பி மறைந்தார்கள்.

பின்னேரம் டிரக்டர் திரும்ப வந்தது. சேர் முழங்காலளவு நீர் நின்ற படியில் இறங்கி நின்று கேட்டார்.

"அம்மா டவுன்ல எறங்குச்சு. அங்கால ரோட்டுல தண்ணி, மெசின் போகாது. நடந்து போச்சு" என்றார் ஓட்டுநர்.

"ஆஸ்பத்திரிக்கா?"

"தெரியாது மாத்தயா. கூட்டம்."

சேர் மேலே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து "நல்லம்" என்றார். "எங்களுக்குத் தெரியாட்டி நல்லம்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, மறுபடி "நல்லம்" என்றார். கை அடிக்கடி மடிக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தது.

தொலைபேசிகள் எல்லாம் செத்துவிட்டன. சீனி வருத்தக்காரி, ஊசியில்லாமல், இடுப்பளவு நீரில், எங்களால் ஒரு சுமையோடு நடந்து போயிருக்கிறார். அவருக்கு ஏதும் ஆகியிருந்தால் என்று பயந்தேன். தட்டுக்கு ஏதும் ஆகியிருந்தால் என்றும் பயந்தேன். எந்தப் பயம் எதற்கு என்று பிரித்து எழுத முயன்றிருக்கிறேன் நாட்குறிப்பில். மூன்று வரி எழுதி மூன்றையும் வெட்டியிருக்கிறேன். கீழே வாங்குகள் சுவரில் மோதிக்கொண்டிருந்தன. ரிஸ்வி சாரத்தால் தலையை மூடிக்கொண்டு, தன் பொதியை வயிற்றில் வைத்து, சுருண்டு படுத்திருந்தான். தூங்கவில்லை.

நஸ்ரின், உனக்காக ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடம் இடியவில்லை. கூரை பறக்கவில்லை. மூன்று தட்டுகளையும் அதே மேசையில் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்று ஒரு கிழவியை வெள்ளத்தில் அனுப்பியதுதான் நாங்கள் செய்த ஆபத்தான காரியம் என்று யாராவது சொன்னால், என்னிடம் மறுப்பதற்கு ஆதாரம் இல்லை. ரிஸ்வி இன்றும் அப்படித்தான் சொல்கிறான். என்னிடம் இருப்பது அந்த மேசையைப் பார்த்த நிமிடம் மட்டும். அந்த வசனத்தை நீ எடுக்கலாம். ஆனால் இணையத்துக்குப் போன பிறகும் கேட்டுப் பார். மூன்று பிரதிகளும் ஒரே கடவுச்சொல்லில் இருக்கின்றனவா? ஒரே ஆளுடைய பெயரில் இருக்கின்றனவா? ஒரே இடத்திலிருந்து ஒரே ஆணையால் மூன்றும் அழிந்துபோகுமா? மேசை என்றால் மரத்தால் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

விடிந்தது. மழை விட்டிருந்தது. நீர் படிகளை விட்டு இறங்கிவிட்டது. கீழே வாங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் குப்புறக் கிடந்தன. டிரக்டர் சத்தம் கேட்டதும் சேர் எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடினார். நானும் ரிஸ்வியும் பின்னால்.

பெட்டி நிறையப் பாண் ரொட்டி. பாண் மூட்டைகளின் நடுவே, தலையில் ஒரு ஆஸ்பத்திரித் துவாயைக் கட்டிக்கொண்டு, ரஹீலா உம்மா.

"ஊசி போட்டாச்சு" என்றார் மேலே நின்ற தங்கச்சியைப் பார்த்து. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். இரண்டு கையிலும் பாண். கழுத்தில் பை இல்லை.

"உம்மா" என்றார் சேர். "எங்க வெச்சீங்க?"

"சொல்ல மாட்டன்."

"உம்மா, நான்தானே..."

"நீங்கதானே மகன் சொன்னீங்க, உங்களிட்டயும் சொல்லாதே எண்டு. நான் அல்லாட பேரில ஒப்புக்கொண்டு வாங்கினது. தண்ணி ஏறாது, கள்ளன் எடுக்க மாட்டான். வெள்ளம் முழுசா வத்தட்டும், சொல்லுறன். இப்ப இந்தப் பாணப் பிடிங்கோ, கை வலிக்குது."

ரிஸ்வி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். சேர் கையை நீட்டி இரண்டு பாணை வாங்கினார். வாங்கி வைத்துக்கொண்டு உம்மாவையே பார்த்து நின்றார். சேர் மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

ஒரு பாணை என்னிடமும் மற்றதை ரிஸ்வியிடமும் தந்தார். "மிஸ், நீங்க பள்ளிவாசல் ரோட்டால போங்கோ. ரிஸ்வி, நீங்க மற்றப் பக்கத்தால. எங்க போறீங்க எண்டு எனக்குச் சொல்ல வேணாம்" என்றார்.

தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பாணை அக்குளில் இடுக்கி, சேற்றுக்குள் இறங்கினேன். எனக்குப் பின்னால் ரிஸ்வியின் காலடி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கக் கூடாது என்பதற்காகவே வேகமாக நடந்தேன்.